ஆயிரம் பல்லுள்ள மாப்பிள்ளைத் தோழன்

1

இந்தக் கதை பல் டாக்டரின் வரவேற்பறையில் பிறந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நான் புரட்டிய சிறுவர் பத்திரிகையில் ஒரு படம்: டைனோசர் காலத்துப் பறக்கும் ஊர்வன ஒன்று. மேல்நோக்கி வளைந்த அலகு, கீழ்த்தாடையில் ஏறக்குறைய ஆயிரம் பல். சீப்புப் பல்லைவிட மெல்லிசு. தண்ணீரை மொண்டு, பற்களின் வழியே வடிய விட்டு, சிக்கிய பொடி உயிர்களை விழுங்குமாம். எனக்கோ ஒரே ஒரு பல்லுக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது.

நான் குடும்பக் கதைகள் எழுதுகிறவள். கடைசிப் பக்கத்தில் கல்யாணப் பேச்சாவது முடியாமல் பேனாவை மூடியதில்லை. ஆகவே,

பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், ஓர் ஏரிக்கரையில், அவள் அவனைப் பார்த்து அலகைத் திற...

(வேண்டாம். ஆயிரம் பல்லோடு முத்தக் காட்சி எழுத எனக்குத் தைரியம் இல்லை.)

2

மனிதர்களிடமே வருவோம். ஓர் அருங்காட்சியகத்தின் பின்பக்கப் பட்டறை. மாதிரி உருவங்கள் செய்கிறவனுக்குப் பட்டப்பெயர் பசை. விரல் நுனியில் எப்போதும் காய்ந்த பசை இருக்கும். புதைபடிவ எலும்புகளை ஆராய்கிறவள் எலும்பம்மா. (இளம்பெண்ணுக்கு இப்படியொரு பெயரா என்று என் தங்கை சண்டைக்கு வந்தாள். பசை அதை எவ்வளவு ஆசையாகக் கூப்பிடுகிறான் என்று அவளுக்குத் தெரியாது.)

அவன் அந்த ஆயிரம் பல் பிராணியின் மாதிரிக்கு, நைலான் இழைகளைச் சாமணத்தால் பிடித்து ஒவ்வொன்றாக நட்டுப் பல்வரிசையை முடித்திருந்தான். எலும்பம்மாவுக்கு இந்த உருவம் பிடித்துவிட்டால் கல்யாணத்துக்குக் கேட்டுவிடுவதென்று முடிவு. வாசலில் டிக்கெட் கொடுக்கும் அவனுடைய அக்கா, "பிடிக்கலேன்னா?" என்றாள்.

"வாயையே திறக்க மாட்டேன்."

"நீயா? உன் வாயும் இதோட வாயும் ஒண்ணுடா. உள்ள எது போனாலும் வழிஞ்சிடும்."

3

விடிந்தால் திறப்பு விழா. பட்டறையில் எலும்பம்மா உருவத்தின் மேலிருந்த துணியை விலக்கினாள். அலகு முதல் வால் வரை இளஞ்சிவப்பு.

"என்னங்க இது?"

"நீங்க வரைஞ்சு குடுத்த படத்துல இப்படித்தானே இருந்துச்சு."

விஷயம் இதுதான். அவள் வரையும் படங்களில், தோண்டிக் கிடைத்த எலும்பு வெள்ளையாக இருக்கும். கிடைக்காததை இளஞ்சிவப்புப் பென்சிலால் தீட்டுவாள்: தெரியாது, பக்கத்தில் இருப்பதை வைத்து யூகித்தது என்று அர்த்தம். தோல் கொஞ்சம்கூடக் கிடைக்கவில்லை. ஆகவே தோல் முழுக்க இளஞ்சிவப்பு.

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவன் சாமணத்தை வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

(இங்கே கதை என் கையைவிட்டும் போய்விட்டது. முதல் முடிவு: சாம்பல் நிறம் பூசுகிறான், கல்யாணப் பேச்சு நின்றுவிடுகிறது. கிழித்தேன். இரண்டாவது: அந்த உருவமே பறந்துபோய் அவனைக் கவ்விக்கொண்டு வருகிறது. எழுதும்போது குஷியாகத்தான் இருந்தது, ஆனால் நைலான் பல் அவன் கனத்தைத் தாங்காது.)

4

அவன் அக்காவை அனுப்பினேன். குடும்பக் கதைக்காரிக்கு வேறு என்ன தெரியும்? படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவனை இழுத்து வந்தாள். "சிரிக்கத்தானே செஞ்சா, கடிக்கலையே. வாடா."

"பசை, கேளுங்க," என்றாள் எலும்பம்மா. "திங்கிற தீனியாலதான் பூநாரைப் பறவை சிவக்குது. இதுவும் அதே மாதிரிதான் வடிகட்டித் தின்னுருக்கு. நீங்க தப்பாப் பூசினது சரியாக்கூட இருக்கலாம். எனக்குத் தெரியல. யாருக்குமே தெரியாது."

"அப்ப மாத்த வேணாமா?"

"வேணாம். பலகையில 'நிறம் எங்கள் யூகம்'னு போட்டுடலாம். எனக்குப் பிடிச்சிருக்கு."

அந்தத் தெம்பில் கேட்டேவிட்டான். அக்கா சொன்னபடியே வழிந்துவிட்டது.

அவள் பென்சிலை எடுத்தாள். படத்தை இழுத்து, ஓரத்தில் இரண்டு சின்ன மனிதர்களை வரைந்தாள். இருவரையும் வெள்ளையாகவே விட்டாள். நடுவிலிருந்த இடத்தை இளஞ்சிவப்புப் பென்சிலால் தீட்டத் தொடங்கினாள்.

5

அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று நான் எழுதப்போவதில்லை. நீங்கள்தான் யூகிக்க வேண்டும். விதி அவளுடையது: பக்கத்தில் கிடைத்ததை வைத்துத்தான்.

கிடைத்தவை: மழுங்கிப்போன ஒரு பென்சில். அம்மாவுக்குப் போன் போட்டுக்கொண்டே ஓடும் அக்கா. எலும்பம்மாவின் விரல் நுனியில் கொஞ்சம் பசை.