ஒரே டிவி, இரண்டு மாலுமிகள்

நாத்தனாரும் அண்ணியும் ஒரே வீட்டில் இருந்தால் எலியும் பூனையும்தான் என்பார்கள். கல்யாணமான புதிதில் நாங்களும் அப்படித்தான் இருந்தோம். என் நாத்தனார் குளியலறைக்குள் போனால் லேசில் வெளியே வரமாட்டாள். நான் போடும் டீயில் அவளுக்கு ஒருநாளும் சர்க்கரை போதாது. பிறகு ஒரு மழை நாளில் அவள் தனியாக உட்கார்ந்து ‘இரு மாலுமிகள்’ என்ற வீடியோ கேமை ஆடித் தோற்றுக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அந்த கேமில் ஒரு மாலுமி சுக்கான் பிடிக்க வேண்டும், இன்னொரு மாலுமி பீரங்கி சுட வேண்டும். துணைக்கு ஆள் இல்லையென்றால் கேமே ஒரு மாலுமியைத் தரும். அந்த மகராசன் குறி பார்த்து முடிப்பதற்குள் கப்பல் மூழ்கிவிடும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கேம் பைத்தியமான எனக்குப் பொறுக்கவில்லை. இன்னொரு கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அன்றிலிருந்து சுக்கான் அவளுடையது, பீரங்கி என்னுடையது. நான் அவளை ‘கேப்டன்’ என்று கூப்பிட ஆரம்பித்தேன். முதல் பாகம் முடித்தோம், இரண்டாம் பாகத்தை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆடினோம். டிவியைக் குறுக்கே இரண்டாகப் பிரித்து மேல் பாதியில் அவளும் கீழ்ப் பாதியில் நானும் இருப்போம். நடுவில் செய்தி பார்க்க வரும் என் கணவர் எந்தப் பாதியையும் கேட்டு வாங்க முடியாமல் சமையலறைக்குப் போய்விடுவார். அதனால்தான் அவருக்குச் சமைக்கத் தெரிந்தது.

எங்களுக்கும் வேலை வெட்டி உண்டு. நான் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ்களை பிரேம் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துகிறவள். மயிரிழை கூடினாலும் பிரேம் ஏற்காது. கேப்டன் எங்கள் ஊர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். இரண்டு கைக்கும் இரண்டு ஜாய்ஸ்டிக். அதில் கன்டெய்னரைத் தூக்கிவிட்டு வந்து வீட்டில் இதில் கப்பலைத் திருப்புவாள்.

ஞாயிறு மாலையானால் போனை மேசையில் சாய்த்து வைத்து கேம் பேச உட்காருவோம். மறுமுனையில் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் பஸ் டிரைவர். எந்த கேம் எப்போது வருகிறது என்று சொன்னாலும் “வராது, தள்ளிப்போகும்” என்பார். அதனால் பெயர் ‘தாமதம்’. இன்னொருத்தி மருந்துக்கடைக்காரி. டிரெய்லர் முடிவதற்குள் பணம் கட்டிவிடுவாள். அவள் பெயர் ‘முன்பதிவு’. இந்த இரண்டு பேரும் ஒத்துப்போன விஷயம் அதுவரை ஒன்றுகூட இல்லை.

ஒரு வருஷம் கேம் ஆடும் புது கன்சோல் வருகிறது என்ற பேச்சு கிளம்பியது. அதோடு சேர்ந்து ‘இரு மாலுமிகள்’ மூன்றாம் பாகமும் வருகிறதாம்.

“கன்சோல் வேணா வரும். கேம் வராது” என்றார் தாமதம்.

“வாயக் கழுவுங்க. நான் ஏற்கெனவே பணம் கட்டிட்டேன்” என்றாள் முன்பதிவு.

“எதுக்குக் கட்டின? அறிவிக்கவே இல்லையே!”

“அறிவிச்சா எதுக்கும் இருக்கட்டும்னு.”

பிறகுதான் அந்த வதந்தி வந்தது. மூன்றாம் பாகத்தில் டிவியைப் பிரித்து ஆடும் வசதி கிடையாதாம். அவரவர் வீட்டில், அவரவர் கன்சோலில், இணையம் வழியாக மட்டும்தான் சேர்ந்து ஆட முடியுமாம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பக்கத்தில் நாத்தனாரை வைத்துக்கொண்டு நான் எதற்கு இணையத்துக்குப் போக வேண்டும்? சோபாவில் உட்கார்ந்து ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு ஆடுவதில் உள்ள சுகம் அந்த கம்பெனிக்காரனுக்கு என்ன தெரியும்? இணையத்தில் ஒரு கையெழுத்து இயக்கம் தொடங்கினேன். கடைக்குக் கண் சோதிக்க வந்தவர்களிடம்கூட போனை நீட்டினேன். எதில் போடுகிறோம் என்று படிக்க முடியாமலேயே பாதிப் பேர் போட்டிருப்பார்கள்.

கேப்டன் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. “அப்புறம் போடறேன் அண்ணி” என்பாள். நான் அதைச் சோம்பல் என்று நினைத்தேன்.

புது கன்சோலையும் கேமையும் அறிவிக்கும் நிகழ்ச்சிக்கு முந்தின வாரம் மூன்றாம் பாகத்தின் அட்டைப்பெட்டிப் படம் எங்கிருந்தோ கசிந்தது. மங்கலான படம். பின்பக்க மூலையில் கடுகளவு ஒரு சின்னம். நால்வரும் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். நான் கடையிலிருந்து கொண்டுவந்த லென்ஸை வைத்துப் பார்த்தேன். இரண்டு தலைகள், கீழே ஒரு வளைவு.

“சோபா! ரெண்டு பேரும் சோபாவுல உக்காந்திருக்காங்க!” என்று கத்தினேன்.

“அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும். கண்ணாடிக் கடை ஆளாச்சே” என்றாள் முன்பதிவு. தாமதமே ஒப்புக்கொண்டார். வீடே அமர்க்களப்பட்டது. கேப்டன் என்னைக் கட்டிப்பிடித்து, “உறுதியா சோபாதானே அண்ணி?” என்று இரண்டு முறை கேட்டாள். “என் கண்மேல ஆணை” என்றேன்.

நிகழ்ச்சி நாளும் ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது. மாலையில் டிவி முன் நான் தலையணைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது என் கணவர் சமையலறையிலிருந்து சைகை காட்டிக் கூப்பிட்டார். அவர் வாயில் எந்த ரகசியமும் தங்காது. இதை ஒரு வாரம் தங்கவைத்ததே பெரிய சாதனை.

“அவளுக்கு வேற ஊர்ல பெரிய துறைமுகத்துல வேலை கிடைச்சிருக்கு. இங்க இருக்கறது மாதிரி மூணு மடங்கு உயரக் கிரேன். இன்னிக்குள்ள பதில் சொல்லணும். வேண்டாம்னு எழுதி வச்சிருக்கா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினா.”

அந்தக் கிரேன்களின் படங்களைத்தான் அவள் தன் அறைச் சுவர் முழுக்க ஒட்டியிருக்கிறாள். நேரே போய் அவள் முன்னால் நின்றேன்.

“ஏன் வேண்டாம்னு எழுதின?”

அவள் சமையலறை வாசலில் நின்ற அண்ணனை ஒரு முறை முறைத்தாள். அவர் கரண்டியோடு மறைந்தார்.

“அங்க போனா நம்ம கப்பல் அவ்வளவுதான் அண்ணி. அப்புறம் கல்யாணம் காட்சின்னா மட்டும் போன் பண்ற சொந்தமாயிடுவோம். ‘சாப்பிட்டியா, நல்லா இருக்கியா’ன்னு கேட்டுட்டு வச்சிடுவோம். எனக்கு அது வேண்டாம். கேம் இணையத்துல ஆடற மாதிரி வந்தா போகலாம்னு இருந்தேன். நீங்கதான் சோபான்னு சொல்லிட்டீங்களே.”

“ஒரு கேமை வச்சா வேலையை முடிவு பண்ணுவ? பைத்தியமா உனக்கு?”

“உங்க கல்யாணத் தேதியையே கேம் வெளியீட்டுக்காக ஒரு வாரம் தள்ளி வச்சவங்க நீங்க. நீங்க பேசலாமா?”

எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு பிரியத்தை இந்தப் பெண் எங்கே வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. ஊரெல்லாம் கையெழுத்து வாங்கி, அவள் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டிருக்கிறேன் என்பது மட்டும் தெரிந்தது. “கேம் எப்படி வந்தாலும் நீ போ” என்றேன். “பார்ப்போம்” என்றாள். அவள் ‘பார்ப்போம்’ என்றால் ‘மாட்டேன்’ என்று அர்த்தம்.

நிகழ்ச்சி தொடங்கியது. போனில் மற்ற இருவரும் வந்துவிட்டார்கள். கன்சோலைக் காட்டினார்கள், கறுப்பாக ஏதோ ஒரு பெட்டி. முன்பதிவு கூவினாள். எனக்கு எதுவும் ஏறவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கேம் எனக்குப் பிடிக்காத மாதிரி வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

திரை இருண்டது. கடல், புயல், அதே கப்பல். சட்டென்று திரை குறுக்கே இரண்டாகப் பிரிந்தது.

“பாத்தீங்களா, சோபாதான்!” என்றார் தாமதம். கேப்டன் போனை எடுத்து, எழுதி வைத்திருந்த பதிலைத் திறந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். “முடியட்டும் இரு. கடைசி வரைக்கும் பாரு.”

திரையில் இரண்டு பாதிகளும் மெல்ல விலகின. மேல் பாதியில் ஒரு வீடு தெரிந்தது. கீழ்ப் பாதியில் வேறு ஒரு வீடு, வேறு ஒரு ஊர். மேடையில் நின்றவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: இனி ஒரே டிவியைப் பங்கு போட வேண்டியதில்லை, இரண்டு மாலுமிகளும் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் சேர்ந்து ஆடலாம், இணையம் வழியாக மட்டுமே.

அரங்கத்தில் பாதிப் பேர் ஓவென்று எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். தாமதம் பஸ் ஹாரனை மிஞ்சும் குரலில் திட்டினார். நான் தலையணையைத் தூக்கிக் கூரைக்கு எறிந்து, சோபாமேல் ஏறிக் குதித்தேன்.

“அக்கா! நீங்கதானே எங்ககிட்ட கையெழுத்து வாங்கினது?” என்றாள் முன்பதிவு.

“திருப்பித் தந்துடறேன்!”

“அப்ப அந்தச் சின்னத்துல இருந்த சோபா?”

பிறகு தெளிவான படம் வந்தபோது பார்த்தேன். அது வைஃபை வளைவு. கண்ணாடிக் கடைக்காரிக்கே கண் தெரியவில்லை என்று துறைமுகம் வரை சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

கேப்டன் எழுதி வைத்ததை அழித்துவிட்டு, ‘வருகிறேன்’ என்று எழுதி என்னிடம் காட்டினாள். அனுப்பும் பொத்தானை நானே அழுத்தினேன். சுடுவது என் வேலையல்லவா?

கேம் வெளியான அன்று அவள் அந்த ஊரில் இருந்தாள். நான் கடைக்கு லீவு போட்டுவிட்டுக் காதில் ஹெட்செட்டை மாட்டினேன். கேம் சொன்ன தேதியிலேயே வந்துவிட்ட துக்கத்தில் தாமதம் அன்று யாரோடும் பேசவில்லை.

“அண்ணி, கேக்குதா?”

“கேக்குது கேப்டன். சுக்கானைப் பிடி.”

பிடித்தாள். கொஞ்ச தூரம் போனோம். பிறகு அவள், “அண்ணி, முதல் நாள் அந்தக் கிரேன்ல ஏறினதும் கீழ பார்த்து பயந்துட்டேன். யார்கிட்டயும் சொல்லல” என்றாள். நான் பீரங்கியை விட்டுவிட்டுக் கேட்டேன். உடன் வேலை செய்கிறவர்கள், ஜன்னல் மூடாத வாடகை அறை, ராத்திரியில் வரும் வீட்டு ஞாபகம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நானும் முதன்முதலில் இந்த வீட்டுக்கு வந்தபோது பயந்த பயத்தைச் சொன்னேன். சோபாவில் இத்தனை வருஷம் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருந்தோம். ‘இடது பக்கம், சுடுங்க, ஐயோ’ தவிர நாங்கள் வேறு எதுவும் பேசியதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

பேசிக்கொண்டே இருந்தோம். கப்பல் நடுக்கடலில் நின்றது. எதிரிகள் சுற்றி வந்து சுட்டார்கள். அது முழுவதும் மூழ்கி முடிந்தது எங்கள் இருவருக்குமே தெரியாது.