மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டால்

“மாப்பிள்ளை வர மாட்டாரு போலிருக்கும்மா. முறுக்கிக்கிட்டாரு.”

“முறுக்காம என்ன பண்ணுவாரு? முந்தாநாள்லேருந்து யாராவது போய் ஏன்னு கேட்டோமா?”

“வயசாயிடுச்சுல்ல. அதான் கோவம் ஜாஸ்தி.”

“வயசு என்ன வயசு! ஒழுங்கா எண்ணெய் காட்டிக் கூப்பிட்டா இன்னிக்கும் மலையேறுவாரு.”

“நான் இங்கதான் நிக்கிறேன்,” என்றான் மகளின் கணவன், தேநீர்த் தட்டுடன்.

அம்மாவும் மகளும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாவு வீட்டு வாசலில், அத்தனை பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது, இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார்.

அந்த வீட்டுக்கு மாப்பிள்ளைகள் இருவர். ஒருவன் இவன். இன்னொருவர், பக்கத்துச் சந்தில் தார்ப்பாய்க்குக் கீழே நிற்கும் பழைய டீசல் பிக்கப் வண்டி. பெயர் வைத்தவர் அப்பா. ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் முறுக்கிக்கொள்ளும், உபசாரம் செய்தால்தான் அசையும், அசைந்துவிட்டால் அதைவிட நல்ல பிள்ளை கிடையாது என்பது அவர் சொன்ன காரணம். வழியில் நின்றுபோன கார்களை அந்த வண்டியில் கட்டி இழுத்து வருவதுதான் அவர் பிழைப்பு. மகளுக்குக் கல்யாணம் ஆனதும் வண்டியின் பெயரை மாற்றச் சொன்னார்கள். “மூத்தவர் அவருதானே?” என்று மறுத்துவிட்டார். ஒருமுறை மகளிடம் போனில், “மாப்பிள்ளை வாசல்ல நின்னு புகையா விடுறாரும்மா, தெருவே இருண்டுபோச்சு” என்றார். அன்று மாமனார் வீட்டுக்குப் போயிருந்த கணவன் சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்தவன். அவன் திரும்பி வந்தபோது வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. விஷயம் தெளிய ஒரு வாரம் ஆனது.

இப்போது அப்பா வாசலில் நின்ற அமரர் ஊர்திக்குள் பெட்டியில் படுத்திருந்தார். ஊர்தி நகரவில்லை. எஞ்சின் ஓடியது, விளக்கு எரிந்தது, கியர் மட்டும் விழவில்லை.

“கிளட்ச் போயிடுச்சுங்க,” என்றான் ஊர்தி டிரைவர். அவன் முகத்தைப் பார்த்தால் வீட்டுக்காரர்களைவிட அவனுக்குத்தான் துக்கம் அதிகம் என்று தோன்றும். “வேற வண்டி கேட்டேன். சாயங்காலம்தான் வருமாம்.”

மயானத்திலிருந்து ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். மதியத்தோடு அடுப்பை நிறுத்திப் பழுது பார்க்கப் போகிறார்கள். அதற்குள் வந்துவிட வேண்டும். விட்டால் நாளை மறுநாள்தான்.

“என் கார்ல கயிறு கட்டி இழுத்தா?” என்றான் கணவன்.

“கயித்தோட உன் பம்பர் மட்டும் வரும். வண்டி இங்கயே நிக்கும்,” என்றது வாசலோரத்திலிருந்து ஒரு குரல்.

கொக்கி என்று ஊரார் கூப்பிடும் ஆள் வந்திருந்தார். ஊரில் அப்பாவுக்கு இருந்த ஒரே போட்டி. வண்டி எங்கே நின்றாலும் முதலில் யார் கொக்கி மாட்டுவது என்று இருவரும் வாழ்நாள் முழுக்க ஓடியவர்கள். இவர் மாட்டியதை அவர் கழற்றியிருக்கிறார். அவர் சக்கரத்தில் இவர் காற்றைப் பிடுங்கியிருக்கிறார். இன்று கொக்கி வெள்ளைச் சட்டை போட்டு, தலையை நனைத்து வாரி, யாரும் சொல்லாமலே கடைசி நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தார்.

“என் வண்டி தெருமுனையில நிக்குது தங்கச்சி,” என்றார் அம்மாவிடம். “இந்த வாசலுக்குக் கொண்டாந்தா நல்லாருக்காதேன்னு அங்கயே விட்டேன். ஒரு வார்த்தை சொல்லு. தூக்கி வச்சுக் கொண்டுபோய் இறக்கிடுறேன்.”

அம்மா அவரைப் பார்த்தாள். “தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. அவரு என்ன சொல்லுவாருன்னு உங்களுக்கே தெரியும்.”

“தெரியும். ‘அவன் கொக்கியில தொங்கறதுக்கு நான் நடந்தே போயிடுவேன்’பான்.”

“அதேதான்.”

“செய்யக்கூடியவன்தான்,” என்றார் கொக்கி, ஊர்தியின் பின்கதவைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்தபடி.

“அத்தை, இது அடம்பிடிக்கிற நேரமா?” என்றான் கணவன் மெதுவாக. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அம்மா மகளைப் பார்த்தாள். இரண்டு நாளாக எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தவள், இந்த ஒன்றை மட்டும் கேட்கிறாள் என்று மகளுக்குப் புரிந்தது.

“மறுபடி ஒரு தடவ பாக்கிறேன்,” என்றாள். “வரலைன்னா கொக்கி மாமா வண்டி. சரியாம்மா?”

அம்மா எழுந்தாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு சந்துக்குக் கிளம்பினாள்.

முதல் தடவை பாதி மட்டும் விலக்கியிருந்த தார்ப்பாயை இப்போது முழுக்க உருவினார்கள். தூங்கிக்கொண்டிருந்த பெரிய மிருகத்தின் போர்வையை இழுத்தது போல இருந்தது. முகம் நசுங்கிய, ஒரு கண்ணாடி மட்டும் புதிதாக இருந்த நீல வண்டி. மகள் ஏறிச் சாவியைப் போட்டாள். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. அவள் ஜன்னலில் தலையை நீட்டிப் பின்பக்கம் பார்த்தாள்.

“புகையே வரல,” என்றாள். “டீசல் ஏறல.”

மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேம்களுக்குத் திருகாணி போடுவதுதான் அவள் வேலை. ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவுக்கு டார்ச் பிடித்தவள், நான்கைந்து முறை தானே வண்டி இழுக்கவும் செய்தவள். பானட்டைத் திறந்தாள். டீசல் ஃபில்டரின் அடியில் ஒரு பாதி அறுத்த பிளாஸ்டிக் பாட்டில் அப்படியே இருந்தது. அதில் டீசல், அடியில் தெளிவாகத் தண்ணீர்.

முந்தாநாள் காலை அப்பா செய்துகொண்டிருந்த வேலை இது. ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு, கை கழுவ உள்ளே போனவர், குழாயடியில் உட்கார்ந்தவர் எழவில்லை. அடியில் இருந்த திருகை அவர் முடுக்கியிருந்தார். மேலே ஏறிய காற்றைப் பம்ப் அடித்து வெளியேற்றுவதுதான் பாக்கி.

அவள் ஃபில்டர் தலையிலிருந்த சின்னக் கைப்பம்பை அழுத்த ஆரம்பித்தாள். முதலில் வெறுமையாக உள்ளே போய் வந்தது. நுரை வந்தது. பிறகு விரலுக்குக் கீழே மெல்லக் கெட்டியாகி, ஒரு கட்டத்தில் அசையாமல் நின்றது. அவள் இன்னும் ஒருமுறை அழுத்தினாள், தேவை இல்லாமலே.

“என்னடி, அவர் வேலைய நீ முடிச்சுட்டியா?” என்றாள் அம்மா.

“ம். பாதியில விட்டுட்டுப் போயிட்டாரு. சோம்பேறி.”

“நானும் போய்ச் சேந்ததும் கேக்கிறேன்,” என்றாள் அம்மா.

மறுபடியும் சாவி. இந்த முறை வெள்ளையாகப் புகை வந்தது. எஞ்சின் இருமியது, அடங்கியது. பேட்டரியின் குரல் இறங்கியிருந்தது. கூடவே வந்திருந்த கொக்கி சட்டைப் பையிலிருந்து தன் வண்டிச் சாவியை எடுத்து, எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதால் மறுபடியும் உள்ளே வைத்துக்கொண்டார்.

“ஹீட்டர் பத்தல பாப்பா. அவசரப்படுற,” என்றார்.

அது அவளுக்கும் தெரியும். குளிர்ந்த டீசல் எஞ்சினுக்குச் சாவியைப் பாதி திருப்பி, உள்ளே ஹீட்டர்கள் சூடாகும்வரை பொறுக்க வேண்டும். சூடானதும் அணைந்து காட்டும் மஞ்சள் விளக்கு இந்த வண்டியில் எப்போதோ போய்விட்டது. குறைவாகப் பொறுத்தால் பிடிக்காது. அதிகம் பொறுத்தால் இருக்கிற பேட்டரியும் படுத்துவிடும். இன்னும் ஒரு தடவை சுற்றும். அதற்கு மேல் இல்லை.

“அப்பா எவ்வளவு நேரம்மா பொறுப்பாரு?”

“எனக்கென்னடி தெரியும். நான் ஏறினாத்தான் மாப்பிள்ளை வருவாருன்னு கிண்டல் பண்ணுவாரு.”

“அதுக்குத்தானே எல்லா வேலைக்கும் உன்னையும் இழுத்துக்கிட்டுப் போனாரு.”

“ஆமா, எல்லாத்துக்கும் போனேன்.” அம்மா வண்டியைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, பழக்கமான இரண்டு அசைவில் ஏறி உட்கார்ந்தாள். “சாவியத் திருப்பிட்டு, ‘என்ன, கிளம்பலாமா?’ன்னு கேப்பாரு. கிளம்புற நேரத்துலதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வரும். கேஸ் அணைச்சேனா, மோட்டார் நிறுத்துனேனா, பின்கதவு சாத்துனேனா… ஒவ்வொண்ணா நெனச்சுப் பாத்துட்டு ‘ம்’ம்பேன். உடனே கிளம்பிடும். ஒருநாளும் அவசரப்படுத்தினதில்ல. அந்த ஒரு விஷயத்துல தங்கமான மனுஷன்.”

மகள் அம்மாவையே பார்த்தாள்.

“அம்மா. அவரு உனக்காகப் பொறுக்கல. ஹீட்டருக்காகப் பொறுத்திருக்காரு.”

அம்மா சீட்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். “அட, திருட்டு மனுஷா!” என்றாள்.

கொக்கி ஜன்னலோரம் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். “அவன் ஒத்தையா வர்றப்பவும் பாத்திருக்கேன் தங்கச்சி. போன வருஷம் உனக்குக் கால் முடியாம இருந்துச்சே, அப்ப. ஓரமா நின்னுக்கிட்டு, சாவியப் பாதி திருப்பி வச்சுக்கிட்டு, காலி சீட்டப் பாத்து, ‘கேஸ் அணைச்சியா? மோட்டாரு? பின்கதவு?’ன்னு கேப்பான். கடைசியில அவனே ‘ம்’ம்பான். உன் குரல்ல. மூள கொழம்பிடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு அலைஞ்சேன்.”

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சீட் பெல்ட்டைத் தேடினாள். அது எப்போதும் இருக்கும் இடத்தில்தான் இருந்தது. அவளுக்குக் கிடைக்க நேரமானது.

மகள் சாவியைப் பாதி திருப்பினாள்.

“என்னம்மா, கிளம்பலாமா?”

“கேஸு,” என்றாள் அம்மா, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி. “அணைச்சிருக்கு. மோட்டாரு… காலையிலேயே நிறுத்தியாச்சு. பின்கதவு. சாத்தினேன், தாழ் போட்டேன். மாடியில துணி… இல்ல, இன்னிக்குத் துவைக்கல.” கொஞ்சம் நிறுத்தினாள். “ம்.”

எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றி, மூன்றாவதில் பிடித்தது. சந்து முழுக்கக் கறுப்புப் புகை. வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் இருமிக்கொண்டே எழுந்து நின்றார்கள். பின்னால் நின்ற நிஜ மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமானது. அவன் தும்மிவிட்டு, “மூத்தவருக்கு ஆசீர்வாதம் பண்ண வேற எடமே கெடைக்கலியா?” என்றான். துக்கத்துக்கு வந்திருந்த யாரோ கைதட்டத் தொடங்கி, நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

ஊர்திக்கு முன்னால் வண்டியைப் பின்னெடுத்தாள். கயிறு ஆகாது. கனமான வண்டி, நிறுத்தும்போது முன்னால் இருப்பதில் வந்து மோதும். அப்பாவின் இழுவைக் கம்பியை, ஆள் நீள இரும்பை, கொக்கியே முழங்கால் போட்டு மாட்டினார். கழன்றுவிடாதபடி பூட்டும் முள்ளைப் போட்டுவிட்டு இருமுறை உதைத்துப் பார்த்தார். நடுவில் ஒரு சிவப்புத் துணி கட்டினார்.

“நான் இழுபட்டதே இல்லைங்க,” என்றான் ஊர்தி டிரைவர், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. “பயமா இருக்கு.”

“எறங்கு தம்பி.” கொக்கி அவன் இடத்தில் ஏறிக்கொண்டார். “நானும் இழுபட்டதில்ல. அதுவும் இந்த வண்டிகிட்ட! பாப்பா, வாசல்ல இருக்கிறவங்க யாரும் போட்டோ எடுக்கக்கூடாதுன்னு சொல்லு.” பின்னால் பெட்டி இருந்த பக்கம் தலையைச் சாய்த்து, “சிரிக்காதடா,” என்றார்.

ஊர்தி டிரைவரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு கணவன் பின்னால் வந்தான்.

அவள் முதல் கியரில் கிளட்சை மயிரிழை மயிரிழையாக விட்டாள். கம்பி கிர்ரென்றது. பின்னால் இருந்த கனம் இடுப்பில் தெரிந்தது, பிறகு கூடவே வந்தது. தெருமுனையில் கொக்கியின் வண்டி, மஞ்சள் வண்ணத்தில், வளைந்த கழுத்தோடு நின்றது. அதைத் தாண்டும்போது பின்னாலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. அமரர் ஊர்தியில் ஹாரன் அடித்துப் போகிறார் ஒருவர் என்று கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“ரெண்டாவது கியரே போதும்,” என்றாள் அம்மா.

“தெரியும்மா.”

“பிரேக்க முன்னாடியே தொடு.”

“நீ வண்டி ஓட்டத் தெரியாதவதானே?”

“பாக்கத் தெரிஞ்சவ.”

சாலையில் கார்கள் ஒதுங்கி வழி விட்டன. வெயில் டாஷ்போர்டின் மேல் இருந்த தூசியில் படிந்திருந்தது. அதில் அப்பாவின் விரல்கள் எப்போதோ இழுத்த நான்கு கோடுகள். அம்மாவுக்குப் பேச்சு வந்துவிட்டது. இந்தப் பாலத்துக்குக் கீழே ஒரு கல்யாணக் காரை இழுத்தோம். பொண்ணு இந்த சீட்டுல உக்காந்துக்கிச்சு, நான் பின்னாடி தொட்டியில மாலையெல்லாம் மடியில வச்சுக்கிட்டு, பாக்கிறவன்லாம் எனக்குத்தான் கல்யாணம்னு கையாட்டுறான். அந்த வளைவில் ஒரு போலீஸ் ஜீப். அந்த மரத்தடியில் ஒரு பேராசிரியர், வழி முழுக்க அவருக்கு அப்பா சொன்ன பொய்கள். மகள் சிரித்தாள். சிரிக்கும்போது வண்டி ஆடியது. பின்னால் கொக்கி ஹாரன் அடித்துத் திட்டினார்.

மயானத்துக்குத் திரும்பும் இடம் வந்தது. வளாகத்தின் சுவரும் புகைபோக்கியும் தெரிந்தன. அடுப்பை நிறுத்த இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அவள் வேகத்தைக் குறைத்து வலதுபக்க விளக்கைப் போட்டாள். டக், டக் என்று அது அடிக்க ஆரம்பித்ததும் அம்மாவின் பேச்சு நின்றது.

கண்ணாடியில், ஊர்தியின் ஜன்னலுக்கு வெளியே கொக்கியின் கை நீண்டிருந்தது, திரும்புவதற்குத் தயாராக. அந்தக் கைக்குப் பின்னால், அப்பாவோடு, நீளமான, வெள்ளையான, சத்தமில்லாத ஊர்தி.

எதிர்ச்சாரியில் ஒரு லாரி போயிற்று. ஒரு பேருந்து போயிற்று. சாலை காலியானது. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள்.

அம்மாவின் கை கியரின் மேலிருந்த அவள் கையை வந்து தொட்டது.

“நேராப் போயேன்,” என்றாள். “அந்தப் பெரிய ரவுண்டானா வரைக்கும். ஒரே ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம். என்னம்மா?”