மூன்றாம் பாகம் நன்றாக இருந்தால் தாலி

'சனிக்கு அப்பால்' மூன்றாம் பாகம் வெளியான வெள்ளிக்கிழமை காலையில், கோமதிநாயகத்துக்குக் கல்யாணம் நடந்தாலும் நடக்கும், நடக்காமல் போனாலும் போகும் என்று இருந்தது. படம் நன்றாக இருந்தால் தாலி. இல்லாவிட்டால் இல்லை. சங்கரன்கோவிலில் இதைக் கேட்டு ஆச்சரியப்பட்டவர் ஒருவரும் கிடையாது.

முதல் பாகத்தின் இடைவேளையில் நிச்சயதார்த்தம் நடந்தது. டிக்கெட் கிடைத்ததே பெரும்பாடு. எழுந்து மண்டபத்துக்குப் போனால் இடம் பறிபோய்விடும். அதனால் முறுக்கு விற்கிறவரின் தட்டை வாங்கி, அதில் வெற்றிலை பாக்கை வைத்து மாற்றிக்கொண்டார்கள். இரண்டாம் பாகத்தின் இடைவேளையில் பெண் உலகம்மாளுக்குப் பூ வைத்தார்கள். இரண்டு படமும் ஓகோவென்று இருந்தன. அந்தத் தெம்பில்தான், இரண்டாம் பாகம் முடியுமுன்பே, பெண்ணின் அப்பா பால்வண்ணநாதன் எழுந்து நின்று வாயை விட்டார். அவர் கோமதிநாயகத்துக்குத் தாய்மாமா.

"மூணாம் பாகத்தைப் பாத்துட்டு மாப்ளையோ பொண்ணோ ஏமாந்து வெளிய வந்தா கல்யாணம் கிடையாது. ஆரம்பிச்ச காரியம் நல்லபடியா முடியணும்லா?"

எல்லோரும் கைதட்டினார்கள். அதே நேரம் திரையில் ஒரு விண்கலம் வெடித்தது. கைதட்டல் எதற்கு என்று கடைசிவரை தெரியவில்லை.

மூன்றாம் பாகம் வர ஏழரை வருஷம் ஆயிற்று. சனி பேரில் படம் எடுத்தால் பின்னே எத்தனை வருஷம் ஆகுமாம்?

இதற்கிடையில் மாமா கட்-அவுட் ஆகிவிட்டார். முத்துமாலை டாக்கீஸ் வாசலில் படத்தின் நாயகன் கேப்டன் ஆதவனுக்குக் கட்-அவுட் வைத்தபோது, நேராக நிற்கிறதா என்று பார்க்க ஏணியில் ஏறினார். ஏறியவர் இறங்கவில்லை. நாற்பதடி உயரத்துக்கு ஒட்டுப்பலகையில், முன்பக்கம் வர்ணமும் பின்பக்கம் சவுக்குக் கம்புகளுமாக அங்கேயே நின்றுகொண்டார். அத்தை மூன்று வேளையும் தூக்குவாளியோடு சாரத்தில் ஏறிச் சோறு ஊட்டினாள். ரசிகர்கள் அவர் தலையில் பால் ஊற்றிக்கொண்டே இருந்ததால் அவருக்குத் தீராத ஜலதோஷம். மற்றபடி ஆள் சௌக்கியம்.

"வா மருமவனே," என்றார் மேலிருந்து. ஒரு தும்மல் தும்மினார். கீழே சைக்கிள்கள் சரிந்தன. "எதுக்கும் ராஜபாளையத்து மாப்ளையையும் வரச் சொல்லியிருக்கேன். மனசுல வச்சுக்கிடாத."

ராஜபாளையத்து மாப்பிள்ளை வெளியேறும் வாசலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உரக்கடைக்காரர். பட்டு வேட்டி, கையில் மாலை. அவர் பிறந்ததிலிருந்து ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. ஆகவே எந்தப் படமும் அவரை ஏமாற்றியதில்லை. கோமதிநாயகம் தோற்றால் பெண் அவருக்கு.

"நமக்கு ஒண்ணும் அவசரம் இல்ல," என்றார் அவர். பார்க்க எரிச்சலாக இருந்தது.

உலகம்மாள் மேல் கோமதிநாயகத்துக்கு உயிர். இத்தனை வருஷத்தில் அவளோடு உட்கார்ந்து பேசியது அந்தத் தியேட்டரில்தான். ஆண்கள் பகுதிக்கும் பெண்கள் பகுதிக்கும் நடுவே இடுப்புயரச் சுவர் உண்டு. படத்தில் நல்ல கட்டம் வந்தால் அவள் சுவருக்கு மேலாக ஒரு வேர்க்கடலையை எறிவாள். அவன் அதைப் பிடித்துத் தின்பான். முதல் பாகத்தில் அவனுக்கு வயிறே நிறைந்துவிட்டது. அவள் இன்னொருத்தர் வீட்டில் போய்ச் சோறு வடிப்பாள் என்று நினைத்தாலே அவனுக்குச் சோறே பிடிக்காது.

டிக்கெட் வரிசைக்கான கம்பிக் கூண்டுக்குள் நுழைந்தான். பத்தடி தூரத்தில் கதவு தெரிந்தது. நடக்க நடக்கக் கூண்டு நீண்டது. ரயில்வே கேட்டைத் தாண்டியது. மாட்டுச் சந்தையைச் சுற்றிக்கொண்டு போனது. பிறகு கோமதிநாயகத்தின் வீட்டு அடுக்களைக்குள் புகுந்தது. அம்மா மாவாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏல, செருப்பைக் கழட்டிட்டுப் போல. காலைல இருந்து ஊரே மிதிச்சிட்டுப் போவுது."

"படம் எப்படி இருக்கும்மா?"

"எனக்கென்ன தெரியும்? தாலியை உப்பு ஜாடி பக்கத்துல வச்சிருக்கேன். நல்லா இருந்தா ஒரு குரல் குடு."

அவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தான். அடுக்களையின் பின்கதவைத் திறந்தால் தியேட்டர்.

பக்கத்து இருக்கையில் ரசிகர் மன்றத் தலைவர் சுடலையாண்டி உட்கார்ந்திருந்தார். முழங்கையில் சனிக்கோளைப் பச்சை குத்தியிருந்தார். வளையம் கையைச் சுற்றி அந்தப் பக்கம்வரை போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் உலகம்மாள். மடியில் வேர்க்கடலைப் பொட்டலம். விளக்கை அணைத்தார்கள். விசில் கூரையைப் பிய்த்தது.

முதல் பாகத்தில் கேப்டன் ஆதவனின் ஊரை இருள்வேந்தன் அழித்திருந்தான். இரண்டாம் பாகத்தில் ஆதவனின் வலது கையை வெட்டியிருந்தான். மூன்றாம் பாகத்தில் இருவரும் நேருக்கு நேர் மோத வேண்டும். அதற்குத்தான் ஊரே ஏழரை வருஷம் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருந்தது.

இருள்வேந்தன் முகமூடியைக் கழற்றினான். உள்ளே ஆதவனின் சித்தப்பா.

சித்தப்பா அழுதார். ஊர்க் கிணற்றில் தனக்குப் பங்கு தரவில்லை என்ற கோபத்தில்தான் ஆறு கிரகங்களை விழுங்கினாராம். ஆதவன் இடது கையால் அவருடைய கண்ணீரைத் துடைத்தான். போர்க்களத்தில் பந்தி போட்டார்கள். இலை விரித்து, உப்பு வைத்து, கூட்டு வைத்து, பொரியல் வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். சாம்பாருக்கு ஒரு பாட்டு. ரசத்துக்கு ஒரு பாட்டு.

"என்னய்யா இது," என்று சுடலையாண்டி முனகினார். அவ்வளவுதான். ஏமாற்றம் தாங்காமல் சோளப்பொரிப் பொட்டலமாகிவிட்டார். பச்சை குத்திய சனிக்கோள் பொட்டலத்தின் மேல் இருந்தது. கோமதிநாயகம் மரியாதைக்கு ஒன்றை எடுத்து வாயில் போட்டான். நமுத்துப்போயிருந்தார்.

நமக்கு அப்படி ஆகிவிடக் கூடாது என்று கோமதிநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டான். பிடிக்கிறது, பிடிக்கிறது என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டான். இலை நல்ல பச்சையாக இருக்கிறது. அப்பளம் பொரிந்த பதம் நன்றாக இருக்கிறது. விண்வெளியில் நெய் ஊற்றினால் மிதக்காதா? மிதக்காது. இயக்குநருக்குத் தெரியாததா? இப்படியே முட்டுக் கொடுத்துக்கொண்டு வந்தான். பாயசம் வந்தபோது ஆதவன் திரையிலிருந்து அவனைப் பார்த்துக் குனிந்தான்.

"தம்பி, சமாளிச்சுக்கோ. எனக்கே கதை பிடிக்கல."

"அண்ணே, நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?"

"சொல்லிட்டேன்னு வெளிய சொல்லாத." ஆதவன் நிமிர்ந்து பாயசத்தைக் குடித்தான். சுபம் போட்டார்கள்.

சுவருக்கு மேலாக ஒரு கடலைகூட வரவில்லை.

வெளியேறும் வாசலில் டிக்கெட் கிழிக்கிற இசக்கிமுத்து நின்றார். உள்ளே போகும்போது டிக்கெட்டைக் கிழிப்பார். வெளியே வரும்போது நாடி பிடிப்பார். ஏமாற்றம் இருந்தால் நாடியில் தவளை குதிக்கும் என்பது ஊரறிந்த விஷயம்.

"படம் எப்படி மாப்ளே?"

"அருமை," என்றான் கோமதிநாயகம். குரல் கீச்சென்று வந்தது.

இசக்கிமுத்து மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தார். கண்ணை மூடினார். விரல்கள் துள்ளின. ஒரு விரல் அவருடைய சட்டைப் பைக்குள் போய் விழுந்தது. அதைத் தேடி எடுத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"தவளை இல்ல, தவளைக் கூட்டம்," என்றார் வருத்தத்தோடு.

"கேட்டீங்களா எல்லாரும்?" என்று மேலிருந்து மாமா குரல் கொடுத்தார்.

ராஜபாளையத்து மாப்பிள்ளை எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். கோமதிநாயகம் தரையில் உட்கார்ந்தான். செருப்பு கையிலிருந்து நழுவியது. ஒரு சித்தப்பாவால் என் பிழைப்பு போயிற்றே என்று வாய்விட்டு அழுதான். கூட்டத்தில் பாதிப்பேர் கூட அழுதார்கள். அவர்களுக்கு அவரவர் ஏமாற்றம்.

பெண்கள் வாசலிலிருந்து உலகம்மாள் வந்தாள். கடலைப் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே கையில் இருந்தது. இசக்கிமுத்து விரலை நீட்டினார்.

"நாடியெல்லாம் வேண்டாம். நானே சொல்லுதேன். படம் குப்பை. சித்தப்பாவாம், கிணறாம். உக்கார முடியல."

"அப்ப ரெண்டு பேரும் ஏமாந்தாச்சு," என்றார் மாமா. "கல்யாணம் கிடையாது."

"ஏன்பா?" என்றாள் உலகம்மாள். "படம் மோசம்னா மோசம்தான். அதுக்கும் எனக்குத் தாலி கட்டுததுக்கும் என்ன சம்பந்தம்?"

கடைவீதி நின்றது. தேங்காய் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த செக்குக் கடைக்காரரின் எண்ணெய் பாதி வழியில் நின்றது. இப்படியொரு கேள்வியை அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. இசக்கிமுத்து தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்தார்.

மாமா மகள் பக்கம் குனியப் பார்த்தார். பின்பக்கச் சவுக்குக் கம்புகள் கிறீச்சிட்டன.

"ஏட்டி, இதை மொத பாகத்துலயே கேட்டிருக்கலாம்லா?"

"மொத பாகம் நல்லா இருந்துச்சுப்பா. அப்ப யாருக்குக் கேக்கத் தோணும்?"

மாமா அழுதார். கன்னத்தில் இருந்த வர்ணம் வழிந்து மீசையோடு சேர்ந்தது. "கட்டுங்க, கட்டுங்க," என்றார்.

கோமதிநாயகம் கம்பிக் கூண்டுக்குள் தலையை நீட்டி, "அம்மா!" என்று ஒரு குரல் கொடுத்தான். கூண்டு வழியாகவே தாலி கைமாறி வந்து சேர்ந்தது. மாவு ஒட்டியிருந்தது. ராஜபாளையத்து மாப்பிள்ளை தன் மாலையைத் தானே கொண்டுவந்து கொடுத்தார். "நமக்கு ஒண்ணும் ஏமாற்றம் இல்ல," என்றார். உண்மையாகவே இல்லை. கொடுத்துவைத்த மனுஷன்.

கட்-அவுட்டைக் கட்டியிருந்த கயிற்றைத் தளர்த்தி மாமாவைச் சாய்த்துப் பிடித்தார்கள். அவருடைய நிழலில் கோமதிநாயகம் தாலி கட்டினான். அவசரத்தில் முதல் முடிச்சு தப்பாக விழுந்தது. உலகம்மாள், "மெதுவா அத்தான், எங்கயும் ஓடிற மாட்டேன்," என்றாள். அட்சதைக்கு அரிசி அகப்படவில்லை. இருந்த சோளப்பொரியைத் தூவினார்கள். சுடலையாண்டி ஆட்சேபிக்கவில்லை. கோமதிநாயகத்துக்குச் சந்தோஷத்தில் காது அடைத்துவிட்டது.

அதற்குள் மைக் பிடித்தவர்கள் வந்துவிட்டார்கள். படத்தைப் பற்றிக் கேட்க வந்தவர்கள், கூட்டம் இங்கே இருந்ததால் இதைக் கேட்டார்கள்.

"அண்ணே, கல்யாணம் எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப எதிர்பார்த்து வந்தோம்," என்றார் இசக்கிமுத்து. "நிச்சயதார்த்தத்துல இருந்த விறுவிறுப்பு இதுல இல்ல."

"பூ வச்சது டாப்பு," என்றார் பொட்டலத்தின் அடியில் மிச்சமிருந்த சுடலையாண்டி. "இது இழுவை. முடிச்சுப் போடுத இடம் ரொம்ப நேரம்."

"ஒருதடவை பாக்கலாம்," என்றார் மாமா, சாய்ந்த வாக்கில்.

கோமதிநாயகத்துக்குச் சுருக்கென்றது. அவனுடைய கல்யாணம். மூன்றில் கடைசி. ஊர் முழுக்க உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நிற்கிறது. ஒருவேளை அவளும் அப்படித்தான் நினைக்கிறாளோ? அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தான். அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பொட்டலத்தைப் பிரித்து ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

மைக் பிடித்தவர் இருவருக்கும் நடுவே நுழைந்து, மைக்கை அவள் வாய்க்கு நேராக நீட்டினார்.

"நீங்க சொல்லுங்க அக்கா. கல்யாணம் எப்படி?"

"இன்னும் பாத்துக்கிட்டு இருக்கேன்," என்றாள் உலகம்மாள். "மறைக்காதீங்க, தள்ளி நில்லுங்க."