கடலில்லாத தேசத்தின் கொடிகள்

1929ஆம் ஆண்டு மாசி மாதத்தில், பனித்திட்டு என்ற மீனவர் ஊரின் நாட்டார் வீரப்பன் வீட்டுக் கூரைமேல் பொலிவியா தேசத்தின் கொடி வந்து இறங்கியது. மேற்கேயிருந்து, பாகூர் வயல்களைத் தாண்டி, கொக்கு பறக்கிற உயரத்தில் அது வந்ததாகக் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சொன்னார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று பட்டைகள் படுக்கையாக இருந்தன. ஒரு முனையைக் கூரை ஓலையில் செருகிக்கொண்டு, இலைகூட அசையாத அந்தக் காலையில் கடலைப் பார்த்து விறைப்பாக நீண்டு நின்றது. வீரப்பன் ஏணி வைத்து ஏறி அதை இறக்கினார். மறுநாள் இன்னொன்று வந்தது. அதில் மஞ்சள் மேலே இருந்தது. அடுத்தது நடுவில் சிவப்பும் மேலும் கீழும் பச்சையுமாக வந்தது. பிறகு முழுச் சிவப்பில் ஒன்று, வான நீலத்தில் ஒன்று, வெள்ளைத் துணியில் சிவப்புப் பெருக்கல் குறி போட்டது ஒன்று. ஊரில் வேறு எந்த வீட்டிலும் ஒரு நூல்கூட விழவில்லை.

மீனவர்கள் தங்கள் ஊர்த் தலைவரை நாட்டார் என்பார்கள். நாட்டார் வீட்டுக்கு வருவதால் இது ஏதோ மரியாதை என்றே முதலில் எல்லோரும் நினைத்தார்கள். வீரப்பனும் அப்படித்தான் நினைத்தார். அவர் மனைவி பவுனம்மாள் கொடிகளை மடித்து மரப்பெட்டியில் வைத்தாள். பெட்டி நிறைந்ததும் பரணில் அடுக்கினாள். சேதி பாகூர் கொம்யூன் அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து ஒரு சிப்பாய் வந்து, பிரெஞ்சு மண்ணில் அந்நியக் கொடி பறக்கக் கூடாது என்று சொல்லி, நீலம் வெள்ளை சிவப்புக் கொடி ஒன்றைக் கூரையில் கட்டிவிட்டுப் போனான். மறுநாள் காலை பொலிவியாக் கொடி அதற்குப் பக்கத்திலேயே, ஒரு முழம் இடம்விட்டு, பணிவாக இறங்கியது. சர்க்கார் கொடி துவண்டு தொங்கியது. வந்த கொடி கடலைப் பார்த்து நீண்டது. சிப்பாய் அதைப் பார்த்துவிட்டு மோர் வாங்கிக் குடித்தான். பிறகு வரவேயில்லை.

கொடி யாருடையது என்று சொன்னவன் பக்கிரி. அவன் வெள்ளைக்காரன் கப்பலில் அடுப்புக்குக் கரி தள்ளி, இருமலோடு ஊர் திரும்பியவன். தென்னமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு துறைமுகத்தில் அவன் கப்பல் வெடியுப்பு ஏற்றியிருக்கிறது. சித்திரைத் திருவிழா முடிந்து ஊர் முழுக்கக் கோயில் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அவன் சொன்னான்.

"இது பொலிவியாக்காரங்க கொடி. பழசு, புதுசு, அவங்க ஊருங்களோட கொடிங்க எல்லாம் கலந்து வருது. அவங்களுக்குக் கடல் கெடையாது. முன்ன இருந்துச்சி. பக்கத்து தேசத்துக்காரன் சண்ட போட்டுப் புடுங்கிக்கினான். நான் பாத்தேனே, மலை மேலேர்ந்து ரயிலேறி வந்து, இந்தக் கொடிய கையில வச்சிக்கினு, கடல சும்மா பாத்துட்டுப் போவாங்க. எறங்கமாட்டாங்க."

"அதுக்கு இங்க இன்னாத்துக்குப்பா வருது?" என்று யாரோ கேட்டார்கள்.

ஊர் மொத்தமும் வீரப்பனை ஒரு தடவை பார்த்துவிட்டு, உடனே வேறெங்கோ பார்த்தது. அன்றைக்குத்தான் அவருக்கு முதல்முதலாக முகம் எரிந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் பவுனம்மாளின் தம்பி கண்ணையன் கடலுக்கடியில் ஒரு பார் கண்டுபிடித்திருந்தான். பாறைத் திட்டு, வஞ்சிரமும் கொடுவாவும் அதைச் சுற்றியே கிடக்கும். கரையிலிருக்கும் பனைமரங்களை அடையாளமாக வைத்துக்கொண்டு அவன் தனியாகப் போய் வருவான். தூண்டில் மட்டும்தான் போடுவான், அங்கே வலை போட்டால் கிழியும் என்று அவனுக்குத் தெரியும். வீரப்பன் ஒருநாள் அவனுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனார். அவன் திரும்பியதும் தன் புது வலையை அங்கே இறக்கினார். வலை தாறுமாறாகக் கிழிந்து வந்தது. மச்சானை உளவு பார்க்கப் போய் வலையைக் கிழித்துக்கொண்டேன் என்று ஒரு நாட்டார் எப்படிச் சொல்வார்? கோயில் முன்னால் வலையை விரித்துப் போட்டு, கண்ணையன் கத்தியால் அறுத்துவிட்டான் என்றார். கண்ணையன் வாதாடவில்லை. "மாமா, நீங்களா சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டான். வலையை அறுத்தவன் கடலில் கால் நனைக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டு. அந்தத் தீர்ப்பை வீரப்பன் தன் வாயாலேயே சொன்னார். கண்ணையன் தன் பெண்டாட்டி கலியம்மாளை அழைத்துக்கொண்டு பாகூருக்குப் போய், ஒரு பண்ணையில் கரும்பு வெட்டுகிற கூலியானான். அதற்குப் பிறகு பார் வீரப்பனுடையதாயிற்று. நல்ல மனசோடு ஊருக்கும் இடம் காட்டினார். எல்லோரும் அங்கே தூண்டில் போட்டார்கள்.

பக்கிரி பேசிய மறுநாளிலிருந்து வீரப்பன் கொடிகளை ஒழிக்கப் பார்த்தார். எரித்தார், புகை ஊர்மேல் பரவாமல் நேராகக் கடலுக்குப் போனது. மணலில் புதைத்தார், மேலே கிளம்பி வந்து அதே கூரையில் நின்றன. கடலில் போட்டால் மட்டும் அவை சமாதானமாக மூழ்கின, ஆனால் மறுநாள் வேறு வந்தது. விடியுமுன்பே எழுந்து, யாரும் பார்ப்பதற்குள் இறக்கிவிட வேண்டும் என்று ஏணியைக் கூரையிலேயே சாத்தி வைத்தார். ஊர் அதற்கும் முன்னாலேயே எழுந்திருந்தது. ஏலத்தில் தலையைக் குனிந்துகொண்டே மீன் விற்றார். பாரில் பிடித்த மீனைப் பவுனம்மாள் குழம்பு வைத்தால், சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோவார். அவள் ஏன் என்று கேட்டதேயில்லை. அவள் கேட்காததுதான் அவரை அதிகம் வாட்டியது.

1932இல் கொடிகள் ஓட்டை விழுந்து வரத் தொடங்கின. சிலவற்றில் புழுதி அப்பியிருந்தது, சிலவற்றில் ரத்தம் காய்ந்திருந்தது. அந்தத் தேசம் மறுபடி சண்டையில் மாட்டிக்கொண்டது, இந்தத் தடவை இன்னொரு பக்கத்து நாட்டோடு என்று பக்கிரி கேள்விப்பட்டு வந்து சொன்னான். பவுனம்மாள் குண்டு பட்ட ஓட்டைகளை வலை நூலால் தைத்து, கறையை அலசி, அதன்பிறகே கடலில் போடக் கொடுப்பாள். சண்டை நடந்த வருஷங்களெல்லாம் அவளுக்கு இந்த வேலை இருந்தது, முடிந்த பிறகும் ஓட்டைக் கொடிகள் வந்துகொண்டே இருந்தன.

சண்டை வருஷங்களில் ஒருநாள் வீரப்பன் நடந்தே பாகூருக்குப் போனார். கண்ணையன் கரும்புக் கட்டை இறக்கி வைத்துவிட்டு நின்றான். தோள் அகன்று, நிறம் மாறி, உழவர் வீட்டு ஆள் மாதிரி இருந்தான்.

"ஊருக்கு வந்துடு கண்ணையா. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

"ஒண்ணும் சொல்லமாட்டாங்கன்னா? வலைய அறுத்தவன மன்னிச்சி வுட்டுட்டாங்கன்னா?"

வீரப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நான் அறுத்தவன்தானே மாமா."

கலியம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "குடிச்சிட்டுக் கெளம்புங்கண்ணே, வெயில் ஏறிடும்" என்றாள். அவர் குடித்துவிட்டுக் கிளம்பினார். வழியெல்லாம் அவர் தலைக்குமேல் ஒரு பச்சை வெள்ளைக் கொடி கூடவே பறந்து வந்தது. வயலில் நாற்று நட்டவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, நாட்டார் போகிறார் என்று வேலையைத் தொடர்ந்தார்கள்.

அதற்குப் பிறகும் ஐந்தாறு வருஷம் அவர் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு ஊர்க்கூட்டத்திலும் சொல்லிவிடலாம் என்று தொண்டைவரை வரும். வேறு வழக்கு வந்துவிடும். அந்த வழக்கில் அவரே நியாயம் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லும்போது தன் குரல் தனக்கே கூசும். கடைசியில் ஒரு மத்தியானம், கொடி தைத்துக்கொண்டிருந்த பவுனம்மாள் ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல் பேசினாள்.

"அன்னிக்கு அந்த வலையில சிப்பி ஒட்டிக்கினு இருந்துச்சி. பாறைச் சிப்பி. நாந்தான் பிரிச்சி எடுத்துக் குப்பையில போட்டேன். என் கூடப்பொறந்தவன் போறத வாசல்ல நின்னு பாத்துக்கினு இருந்தேன்."

அன்று சாயங்காலமே வீரப்பன் ஊரைக் கூட்டினார். கண்ணையன் வலையை அறுக்கவில்லை, நான் பொய் சொன்னேன், அவன் பாரைத் திருடத்தான் பின்னால் போனேன் என்று நின்றபடியே சொன்னார். யாராவது காறித் துப்புவார்கள், அடிப்பார்கள் என்று காத்திருந்தார். கூட்டத்தில் வயசில் மூத்தவரான சிங்காரவேலு மணலைக் கிளறிக்கொண்டே சொன்னார்: "தெரியும் நாட்டாரே. கத்தி பட்ட நூலு எப்டி இருக்கும், பாறை பட்ட நூலு எப்டி இருக்கும்னு எங்களுக்குத் தெரியாதா? அன்னிக்கே தெரியும்." மற்றவர்களும் மணலையே பார்த்தார்கள். பாரின் மீனை அத்தனை பேரும் தின்றிருந்தார்கள்.

கட்டு நீங்கியது. ஊரார் பாகூருக்குப் போய்க் கண்ணையனையும் கலியம்மாளையும் மேளத்தோடு அழைத்து வந்தார்கள். வீரப்பன் தன் கட்டுமரத்தைத் தள்ளி, முன்னால் அவனை உட்காரவைத்து, தானே துடுப்புப் போட்டார். அலை உடைகிற இடம் தாண்டும்வரை கண்ணையன் சிரித்துக்கொண்டிருந்தான். தாண்டியதும் அவன் முகம் வெளுத்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். பதின்மூன்று வயசிலிருந்து கடலில் கிடந்தவன், முதல் தடவை கப்பல் ஏறிய செட்டி மாதிரி, வயிற்றிலிருந்ததையெல்லாம் வாந்தியெடுத்தான். கரையில் நின்ற ஊர் அதைப் பார்த்தது. மேளம் நின்றுபோயிற்று. வீரப்பன் துடுப்பை விட்டுவிட்டு அவன் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார், அழுதார்.

"கரைக்கு வுடு மாமா," என்றான் கண்ணையன். "எனக்கு இது ஆவல."

அன்று பொழுது சாய்வதற்குள் அவனும் கலியம்மாளும் பாகூருக்குத் திரும்பிவிட்டார்கள். நாத்துக்குப் பாய்ச்ச வேண்டும், தண்ணி முறை நாளைக்கு என்று சொல்லிக்கொண்டு போனார்கள். வீரப்பன் நாட்டார் பதவியை விட்டார். கொடிகள் நிற்கவில்லை. அவர் அதற்கப்புறம் அவற்றை மறைக்கவும் இல்லை. பட்டப்பகலில் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு நடந்து, பார்வரை கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தார். 1944இல் அவர் இறந்த மறுநாள் கொடி சிங்காரவேலு வீட்டில் இறங்கியது. அடுத்தநாள் அடுத்த வீட்டில். இப்படியே முறை வைத்து எல்லா வீட்டுக்கும் வருகிறது. முறை வந்த வீட்டுக்காரர் தைத்து, அலசி, பாருக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத்தான் தன் வேலையைப் பார்க்கிறார். ஐப்பசி மழையில் மட்டும் கொடி நனைந்து கொஞ்சம் கனமாக வரும். தூக்க இரண்டு பேர் வேண்டும்.