சத்தம் அடங்கும் வேகம்

எங்கள் பின்னறை மேசைமேல் இருக்கும், கம்ப்யூட்டர் சொல்கிறபடி உலோகம் வெட்டும் சின்ன சிஎன்சி மில்லிங் மெஷின் கொஞ்ச நாளாக என் பிராணனை வாங்கிக்கொண்டிருந்தது. கோளாறு மெஷினில்தான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

நாங்கள் வேலையைப் பிரித்துக்கொண்ட விதம் இது. படம் வரைந்து, கத்தி எந்த வழியில் போகவேண்டும், எவ்வளவு வேகமாகச் சுற்றவேண்டும் என்று கணக்குப் போட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது நான். மெஷினை ஓட்டுவது என் வீட்டுக்காரர். ஆனால் நான் போடும் எண்ணை அவர் என்றைக்கும் அப்படியே விட்டதில்லை. சுற்றும் வேகத்தைக் கூட்டிக் குறைக்க மெஷின் முகப்பில் ஒரு திருகு உண்டு. அதில் கை வைத்து, தலையைச் சாய்த்து, கேட்டுக் கேட்டுத் திருகுவார். சத்தம் அடங்கும் இடம்தான் சரியான வேகம் என்பது அவர் கட்சி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவர் காது சொன்னதுதான் சரியாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ளவும் எனக்கு மனசு வராது.

கேமரா ரிப்பேர்க்காரர் ஒருவருக்கு அலுமினியத் தகடுகள் வெட்டவேண்டும். வெட்டிய பரப்பெல்லாம் அலை அலையாக வரி விழுந்தது. சூட்டில் அலுமினியம் இளகிக் கத்தியின் பல்லில் அப்பிக்கொண்டது. கத்தி படக்கென்று உடைந்தது. புதுசு மாட்டினோம், அதுவும் போயிற்று. அவர் பேரிங்கை மாற்றினார், பெல்ட்டை இறுக்கினார், தகட்டைக் கவ்வும் வைஸைக் கழற்றி மறுபடி பூட்டினார். நான் கணக்கை மாற்றி மாற்றி எழுதினேன். எதற்கும் மசியவில்லை.

எதுவுமே அவருக்குச் சரியாக அமையாத நேரம் அது. அழைப்புமணி கெட்டுவிட்டது என்று கழற்றிப் போட்டார். போன் சரியில்லை என்று வேறு வாங்கினார். வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் பெண் முணுமுணுக்கிறாள் என்று கோபம். வாயைத் திறந்து பேசு, இல்லையென்றால் உன் அம்மாவிடமே பேசு என்று அவளிடமே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவள் என்னோடு மட்டும்தான் பேசுகிறாள். அப்பாவிடம் கொடுக்கட்டுமா என்றால் வேண்டாம் என்கிறாள்.

அன்று காலை, மெஷினுக்கு ஆயுசு முடிந்தது, விற்றுவிடலாம் என்றார். தன் அண்ணன் கடையில் போய்க் கல்லாவில் உட்காரப்போகிறாராம். அண்ணனோடு ஒரு வேளைச் சாப்பாட்டைச் சண்டையில்லாமல் முடிக்கத் தெரியாத மனுஷர். கடைசியாக ஒரு தகடு வெட்டிப் பார்க்கலாம் என்று கெஞ்சிப் பின்னறைக்கு அனுப்பினேன்.

முன்னறையிலிருந்து கேட்டேன். முதலில் கனமாக ஓர் உறுமல். பிறகு அது ஏறி ஏறி, பல் கூசும் கிறீச்சலாக மாறியது. இத்தனை நாளும் இதே கிறீச்சல்தான். எனக்கே கேட்கிறது, அவருக்குக் கேட்காதா, அதைச் சரிசெய்யத்தானே பாடுபடுகிறார் என்றிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரம்மா ஜன்னலை அறைந்து சாத்தினாள். பொறுக்கமுடியாமல் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போனேன்.

அவர் திருகை முழுசாகக் கூட்டிவைத்து, தலையைச் சாய்த்து நின்றிருந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"இப்பதான் அடங்குச்சு பாரு," என்றார்.

காதிலிருந்து கையை எடுக்கவும் மறந்துபோனேன். அவருக்கு உறுமல் மட்டும்தான் கேட்டிருக்கிறது. வேகம் கூடி அது கிறீச்சலாக ஏறும்போது, அவர் காதில் ஒன்றுமே இல்லை. மெஷின் அதிகமாக அலறும் இடத்தைத் தேடிப்பிடித்து, அங்கேயே நிறுத்திவைத்திருக்கிறார். கத்தி வெட்டமுடியாமல் தேய்த்துத் தேய்த்தே உடைந்திருக்கிறது. பேரிங் என்றால் மாற்றலாம். இதற்கு நான் எதைக் கழற்றிப் பார்ப்பேன்?

கையை நீட்டி, நான் எழுதிய வேகத்துக்குத் திருகை இறக்கினேன். உறுமல் திரும்பியது. இரைகிறதே என்று தடுக்க வந்தார், அவர் கையைத் தட்டிவிட்டேன். அலுமினியம் சின்னச் சின்னச் சுருளாகத் தெறித்தது. மெஷின் நின்றதும் தகட்டை எடுத்து நகத்தால் தடவினார். ஒரு வரி இல்லை.

வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முன்னாடி ரொம்பக் கத்துச்சா?"

பொய் சொல்லத்தான் ஆசை. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் திருகைப் பார்த்தார், மூடியிருந்த பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தார். மெஷினை விற்கவேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"அப்ப பாப்பா முணுமுணுக்கல," என்றார்.

அவளுக்குப் போன் போடட்டுமா என்று கேட்டேன். அதை அவர் காதில் விழும்படி இரண்டாவது முறை சத்தமாகக் கேட்கவேண்டியிருந்தது.

"போடு. ஆனா நீயே பேசு," என்றார். "அவ என்ன சொல்றான்னு அப்புறமா எனக்குச் சொல்லு."