இரண்டு ஒன்பதுகள்

அன்று விளையாட்டரங்கில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வராதவர்களெல்லாம் நேரில் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். இருந்தவர்கள் இவர்கள்: முதல் வரிசையில், நாற்காலியில் முதுகு சாய்க்காமல் உட்கார்ந்திருந்த தையல்கடை மாஸ்டர். பக்கத்தில், மடியில் தண்ணீர்க் குடுவையுடன் அவர் மனைவி. தோளில் மூன்று பைகளைச் சுமந்தபடி அவர்களின் மகன். ஆட்டக்கோட்டுக்கு வெளியே கழுத்தில் விசிலோடு நின்ற மருமகள், அவள்தான் பயிற்சியாளர். அவளுடைய வாலிபால் அணிப் பெண்கள் ஏழு பேர். ஊர் விளையாட்டு மன்றத்தின் செயலாளர். நடுவர். எதிரணியாக வந்த மருத்துவமனைச் செவிலியர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும். வேடிக்கை பார்க்க நாற்பது பேருக்குள். அவ்வளவுதான். மூலைக்கடைக்காரர் அங்கே இல்லை. அவர் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

மாஸ்டரின் கடைக்கு வயது அறுபத்தெட்டு. அப்பா வைத்த கத்தரிக்கோலைத்தான் இவரும் பிடித்தார். இந்தக் கடையில் தைத்த துணி திருத்தத்துக்குத் திரும்பி வந்தது கிடையாது என்பது குடும்பத்தின் பேச்சு. அதனால் போட்டுப் பார்த்துச் சரிசெய்யும் வழக்கமே அங்கே இல்லை. அளவு எடுத்தால் எடுத்ததுதான். குறித்த நாளில், குறித்த நேரத்தில், தேய்த்து மடித்துக் காகிதத்தில் சுற்றி நூல் கட்டிக் கொடுப்பார். ஒருநாள் முன்னால் கேட்டாலும் கொடுக்கமாட்டார்.

மருமகள் கல்லூரி நாட்களில் பல்கலைக்கழக அணிக்குத் தலைவியாக இருந்தவள். கல்யாணம், குழந்தை என்று எட்டு வருடம் பந்தைத் தொடவில்லை. மன்றம் பெண்களுக்கு ஓர் அணி தொடங்கப்போவதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டியபோது, பயிற்சி கொடுக்க ஆள் இல்லை என்று கேள்விப்பட்டு, போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். கணவனிடம் சொன்னாள். மாமனாரிடம் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் ஒரு வாடிக்கையாளர் முந்திக்கொண்டார்.

"உங்க மருமக மைதானத்துல விசில் ஊதுறாங்களாமே, மாஸ்டர்."

"ஊதட்டும். உங்களுக்கா காது வலிக்குது? கையைத் தூக்குங்க, அக்குள் அளவு பாக்கணும்."

கடையில் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் வீட்டில் ஒன்பது நாள் மருமகளோடு பேசவில்லை. வீட்டுச் சேதி வெளியாள் வாயிலிருந்து வந்ததுதான் அவருக்கு ஆறவில்லை. பத்தாம் நாள் மகன் சாப்பிடும்போது சொன்னான்: "அப்பா, செயலாளர் என்ன சொல்றாராம் தெரியுமா? முதல் மேட்ச் சரியா வரலைன்னா ஆண்கள் அணி கோச்சையே இதுக்கும் போட்டுடுவாராம். இவ துணைக்கு நிக்கலாமாம்."

மாஸ்டர் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார். "துணைக்கா? என் வீட்டுப் பொண்ணு யாருக்கும் துணைக்கு நிக்க வேண்டியதில்லை." பிறகு, மருமகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கேட்டார்: "அணிக்குச் சட்டை எங்க எடுக்கிறீங்க?"

"ரெடிமேட்ல பாத்தோம் மாமா."

"ரெடிமேட். தையல்காரன் வீட்டு மருமக கோச்சு, அணிக்குத் தொளதொளன்னு ரெடிமேட். ஊர் சிரிக்கட்டும்னு இருக்கியா?"

அப்படித்தான் அந்த ஏழு நீலச் சட்டைகளும் மாஸ்டர் தலையில் வந்து விழுந்தன. அவரே இழுத்துப் போட்டுக்கொண்டது. மாமியார் ஏழு பேருக்கும் அளவு எடுத்து வந்தார். முதுகு எண்களை வெள்ளைத் துணியில் வெட்டினார் மாஸ்டர். ஆறுக்கும் ஒன்பதுக்கும் ஒரே அட்டை போதும் என்று அதில் ஒரு பெருமை வேறு.

"மாமா, ஆறுக்கும் ஒன்பதுக்கும் கீழ ஒரு கோடு வச்சுடுங்களேன்" என்றாள் மருமகள்.

"கோடு போட்டுப் புரியவைக்க இது பாலர் வகுப்பா?"

"இல்ல மாமா, அவசரத்துல மாறிடக் கூடாதுன்னு."

"அவசரத்துல தைக்கிறவன் வேற கடையில இருக்கான்."

"கோடு போட்டா குறைஞ்சா போயிடுவீங்க?" என்றார் மாமியார். மாஸ்டருக்கு அந்த நேரத்தில் காது கேட்கவில்லை.

ஒருநாள் முன்னதாகச் சட்டைகளைக் கேட்டாள் மருமகள். ஞாயிறு காலை என்று சொல்லியிருந்தார். ஞாயிறு காலைதான் கொடுத்தார்.

பெண்கள் உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது அரங்கமே ஒருமுறை திரும்பிப் பார்த்தது. தோள் தோளாக இருந்தது, கை கையாக இருந்தது. செவிலியர் அணியில் ஒருத்தி, "எங்க தைச்சீங்க?" என்று கேட்டேவிட்டாள். மாஸ்டரின் முதுகு இன்னும் ஓர் அங்குலம் நிமிர்ந்தது.

நடுவர் ஒவ்வொரு முதுகாகப் பார்த்துப் பட்டியலில் குறித்துக்கொண்டே வந்து நின்றார். "ஒன்பது ரெண்டு இருக்கே. ஆறு எங்க?"

ஆறாம் எண் நூல்கண்டுக்கு உரியது. பேருந்து நடத்துநர், குள்ளமாக, உருண்டையாக, நிற்காமல் சுழல்கிறவள் என்பதால் அளவு எடுக்கும்போது மாமியார் வைத்த பெயர் அது. பந்தை எழுப்பிக் கொடுக்கிறவள் அவள்தான். அவள் இல்லாவிட்டால் மற்றவர்கள் எதை அடிப்பது?

நூல்கண்டு கழுத்தைத் திருப்பி முதுகைப் பார்க்க முயன்று, தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றினாள். "எனக்கு என் முதுகு தெரியலை சார். நான் ஆறாம் நம்பர்தான், சத்தியமா."

"சத்தியத்தைச் சட்டையில எழுதணும்மா. ஒரே எண்ல ரெண்டு பேர் ஆடக் கூடாது. பதினாலு நிமிஷம் இருக்கு. சரிபண்ணுங்க, இல்லைன்னா நீங்க வெளிய."

செயலாளர் விரைந்து வந்தார். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு முதல் வரிசை வரைக்கும் கேட்கும்படி பேசினார். "இதுக்குத்தாம்மா சொன்னேன். சட்டை எண்ணைக்கூடப் பாக்காம அணியைக் கூட்டிட்டு வந்தா எப்படி? இந்த மேட்ச்சோட நிறுத்திக்கலாம். அடுத்ததுக்கு ஆண்கள் அணி கோச்சைப் போட்டுடறேன்."

மருமகள் அந்த எண்ணை ஒருமுறை பார்த்தாள். முதல் வரிசைப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. "என் தப்புதான் சார். நான் பாத்திருக்கணும்."

மாஸ்டருக்குக் கேட்டது. அவர் மனைவிக்கும் கேட்டது. மாமியார் கோர்ட்டைப் பார்த்தபடியே குடுவையின் மூடியைத் திருகினார்.

"தண்ணி வேணுமாங்க?"

"வேண்டாம்."

"தொண்டை காயற மாதிரி இருக்கே."

வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் அறுபத்தெட்டு வருடப் பேச்சு அப்படியே நிலைத்திருக்கும். மருமகளின் விசில்தான் போயிருக்கும். மாஸ்டர் எழுந்தார். மரத்தளத்தில் வெளிக் காலணியோடு கால் வைக்கக் கூடாது என்று எழுதியிருந்ததால் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஊருக்கே தைக்கிறவரின் வலது காலுறையில் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. அதையும் நாற்பது பேர் பார்த்தார்கள்.

"சட்டை தைச்சது நான்" என்றார் செயலாளரிடம். "எண் வச்சதும் நான். கோடு போடுங்கன்னு இந்தப் பொண்ணு சொல்லிச்சு, மாட்டேன்னவனும் நான். நேத்தே குடுங்கன்னு கேட்டுச்சு, குடுக்காதவனும் நான். திட்டணும்னா இங்க திட்டுங்க."

செயலாளர் தன் சட்டைக் காலரைத் தடவிக்கொண்டார். அதுவும் மாஸ்டர் தைத்ததுதான். "உங்களைச் சொல்லலையே, மாஸ்டர்."

"அப்ப யாரையும் சொல்லாதீங்க. கொஞ்சம் நகருங்க, வெளிச்சம் மறைக்குது."

நூல்கண்டு மருமகளின் மேலங்கியைப் போட்டுக்கொண்டு சட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். மாஸ்டரின் காலர் மடிப்பில் எப்போதும் ஓர் ஊசி உண்டு. மகன் துணியை இழுத்துப் பிடித்தான். தன் தையல் எவ்வளவு கெட்டி என்பது அன்றைக்குத்தான் மாஸ்டருக்குத் தெரிந்தது. பிரிக்கவே ஆறு நிமிடம் போயிற்று.

"மாஸ்டர், இது கிழியாது போலிருக்கே" என்றாள் நூல்கண்டு, கவலையோடு.

"கிழியிற மாதிரி தைக்கத் தெரியாதும்மா. அதான் இப்ப கஷ்டம்."

எண்ணைத் திருப்பி வைத்து, நாலு பக்கமும் கையால் ஓட்டி முடித்தபோது ஒரு நிமிடம் மிச்சமிருந்தது. அந்த ஒரு நிமிடத்தில் ஆறின் அடியில் கறுப்பு நூலால் ஒரு கோடு இழுத்தார். மருமகள் பார்த்தாள்.

"கொஞ்சம் கோணலா இருக்கு மாமா."

"ஓடறப்போ தெரியாது. போ, வேலையைப் பாரு."

முதல் செட் செவிலியர்களுக்குப் போனது. அவர்களில் நெட்டையான ஒருத்தி அடித்த பந்தெல்லாம் தரையைத் தொட்ட பிறகுதான் இவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டாவது செட்டின் நடுவே மருமகள் ஆட்டத்தை நிறுத்தி அணியைக் கூப்பிட்டாள். முதல் வரிசைக்குப் பக்கத்திலேயே கூடினார்கள்.

"அவ கையைப் பாக்காதீங்க, கை ஏமாத்தும். தோளைப் பாருங்க. வலது தோள் இறங்கினா பந்து குறுக்க வருது. இறங்கலைன்னா நேர வருது. வேற ஒண்ணும் யோசிக்க வேண்டாம்."

மாஸ்டர் நிமிர்ந்து நெட்டையானவளைப் பார்த்தார். உண்மைதான், வலது தோள் இறங்கியது. ஐம்பது வருடமாகத் தோள்களை மட்டுமே பார்த்துப் பிழைத்தவர் அவர். இந்த வீட்டில் இன்னொருவருக்கும் அந்தக் கண் இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. "ஏய், குறுக்க வருது" என்று அவர் முனகிய அதே நொடியில் நூல்கண்டு குறுக்கே பாய்ந்து பந்தை எடுத்தாள்.

இரண்டாவது செட் இவர்களுக்கு வந்தது. மூன்றாவதில் பதிமூன்றுக்குப் பதினைந்தில் தோற்றார்கள். தோற்றவர்கள் கத்திய கத்தலில் ஜெயித்தவர்களே குழம்பிப்போய் நடுவரிடம் எண்ணிக்கையைக் கேட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் செயலாளர் எதிர்பாராதது. வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் பதினொரு பேர் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். என்றைக்குப் பயிற்சி, எத்தனை மணிக்கு, நாற்பது வயதுக்கு மேல் சேரலாமா, முட்டிவலி இருந்தால் என்ன செய்வது, சட்டை இந்த மாஸ்டர்தான் தைப்பாரா. அவர் கையில் விண்ணப்பப் படிவம் மூன்றே மூன்று இருந்தன. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "என்னை ஏன் கேக்குறீங்க? அதோ நிக்கிறாங்களே கோச்சு, அவங்களைக் கேளுங்க" என்று கை காட்டினார். காட்டிய கையை அவரால் பிறகு மடக்க முடியவில்லை. அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் பயிற்சியாளர் என்ற இடத்தில் மருமகளின் பெயர் ஏறியது. துணை என்ற சொல் எங்கும் இல்லை.

கடை வாசலிலும் புதிதாக ஒரு பலகை இருக்கிறது: போட்டுப் பார்த்து வாங்கிக்கொள்ளவும்.

கடைசியாக ஒன்று. எண்ணை மாற்றி வைத்தது மருமகள்தான் என்றும், பெருந்தன்மையால் மாமனார் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார் என்றும் மூலைக்கடையில் ஒரு பேச்சு ஓடுகிறது. அது பொய். தலைகீழாக வைத்துத் தைத்தவர் மாஸ்டர், பட்டப்பகலில், மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு.