வியாழக்கிழமைக்கு ஒரு தேய்பிறை

செகோந்தோவுக்கு ஊர்ப் பாதிரியார் மேல் சந்தேகம் உண்டு, அரசாங்கத்தின் மேல் சந்தேகம் உண்டு, சில நாள் பெற்ற மகளின் மேலும் உண்டு. நிலாவின் மேல் மட்டும் கிடையாது. தேய்பிறையில் அடைத்த ஒயின்தான் பாட்டிலுக்குள் அடங்கி உட்காரும், வளர்பிறையில் அடைத்தால் மூடியைத் திறக்கிற நாள்வரை முரண்டு பிடித்துக்கொண்டே இருக்கும் என்பது அவர் கட்சி. மொன்ஃபெராத்தோ குன்றுகளில் அவர் அப்பாவும் அதே கட்சிதான்.

அந்தக் கட்சி இப்போது மகள் மார்த்சியாவின் கழுத்தைப் பிடித்தது. அவளுக்கு முப்பத்துமூன்று வயது. போன அறுவடையில்தான் அப்பா முதல்முறையாக ஒரு தொட்டியை அவள் பொறுப்பில் விட்டார். கீழ்ச்சரிவில் விளைந்த பார்பேரா திராட்சை. பறித்ததிலிருந்து எல்லாமே அவள் முடிவு. அவள் பெயர் ஒட்டி வரப்போகிற முதல் ஒயின். அதன் வாசனை இப்போது உச்சத்தில் இருந்தது. பாட்டில் அடைக்கும் இயந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் தாரியோ, வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தான். அதை விட்டால் ஜூன் கடைசி. அதற்குள் வெயில் ஏறி வாசனையில் பாதி போய்விடும்.

ஆனால் வியாழக்கிழமை வளர்பிறை.

"லாரி வரும், போகும். நிலாவுக்குப் போன் போட்டுத் தேதியை மாத்தச் சொல்லேன், பாப்போம்" என்றார் செகோந்தோ.

"பாட்டிலுக்குள்ள இருக்கிற ஒயினுக்கு நிலா எப்படிப்பா தெரியும்?"

"ரெண்டாயிரத்தேழு ஒயினைக் கேளு, சொல்லும்."

இதற்கு மேல் பேச முடியாது. 2007-ல் அடைத்த பார்பேரா அந்த வீட்டின் குலதெய்வம். வருகிற விருந்தாளி கோட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, "நிலாவைக் கேட்டு அடைச்சது" என்று செகோந்தோ ஆரம்பித்துவிடுவார்.

மார்த்சியா விடுகிற ஆள் இல்லை. நிலவறைக் கதவின் உட்புறத்தில் 1985 முதல் ஒவ்வொரு வருடமும் பாட்டில் அடைத்த தேதியைச் செகோந்தோ தன் கையால் எழுதி வைத்திருக்கிறார். நாற்பது வரி. தேய்பிறை ஒயினுக்கும் மற்றதற்கும் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா என்று பார்க்க வேண்டுமானால், தப்பித்தவறி வளர்பிறையில் அடைத்த வருடம் ஒன்றாவது வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை கதவுக்கு முன்னால் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கைபேசியில் பழைய நிலாக் கணக்கைத் தேடித் தேடி ஒவ்வொரு தேதியாக ஒத்துப் பார்த்தாள்.

ஒன்று இருந்தால் போதும் என்று தேடியவளுக்கு ஒன்பது கிடைத்தன. 1998 ஏப்ரல் 3, வளர்பிறை. 2014 ஏப்ரல் 10, வளர்பிறை. 2007 மார்ச் 22 என்ற வரியை மூன்று முறை பார்த்தாள். சாட்சாத் வளர்பிறை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு குழப்பம் வந்தது. நிலா விஷயத்தில் அப்பா ஒன்பது தடவை ஏமாறுவாரா?

அவர் நிலா பார்ப்பது சமையலறைக் காலண்டரில். உரக்கடை கொடுக்கும் காலண்டரில் நிலா மிளகு அளவுதான் இருக்கும், அவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஜனவரி தோறும் அம்மா பினுச்சா ஒவ்வொரு தேதியின் மேலும் பென்சிலால் பெரிய வட்டம் போட்டு வைப்பார். வளர்பிறைக்கு வெறும் வட்டம், தேய்பிறைக்குக் கறுப்பு வட்டம். மார்த்சியா நேரே சமையலறைக்குப் போனாள்.

பினுச்சா நெத்திலிக்குப் பச்சைச் சாந்து அரைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, தொண்ணூத்தெட்டு ஏப்ரல்ல என்ன நடந்துச்சு?"

"உனக்கு டான்சில் ஆபரேஷன். ஆஸ்தி டவுன் ஆஸ்பத்திரியில. ஏன்?"

"ரெண்டாயிரத்தேழு?"

"எங்க இருபத்தஞ்சாவது கல்யாண நாள். கடலுக்குப் போனோம்." பினுச்சாவின் கை நின்றது. "கதவைப் படிச்சியா?"

"நீ நிலாவை மாத்தி வரைஞ்சிருக்க!"

"மாத்தல. கொஞ்சம் நகத்தினேன். பாட்டில் வேலைன்னா உங்கப்பா சாவுச் சடங்குக்குக்கூட நகர மாட்டார். நிஜத் தேய்பிறை வந்ததெல்லாம் உன் ஆபரேஷன் வாரம், உன் பட்டமளிப்பு வாரம். அதுக்கு முன்னாடியே பாட்டில் வேலை முடியட்டும்னு வட்டத்தைக் கறுப்பாக்கினேன். என்ன பண்ணச் சொல்ற?"

"அவர் வானத்தைப் பாக்கவே இல்லையா?"

"எட்டரைக்குக் குறட்டை. உங்கப்பா அண்ணாந்து பாக்கிறது ஆலங்கட்டி மழைக்கு மட்டும்தான்."

ஆறு வயதில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்தபோது, தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டு அப்பா நின்றது மார்த்சியாவுக்கு ஞாபகம் வந்தது. பாட்டில் வேலையை விட்டுவிட்டு அப்பா வந்தாரே என்று அன்றிலிருந்து அவளுக்குப் பெருமை. அந்த வரவையே அம்மா பென்சிலால் வரைந்திருக்கிறார் என்று தெரிந்ததும் வலித்தது. இருந்தாலும் வியாழக்கிழமை வியாழக்கிழமைதான்.

"அப்ப இன்னும் ஒரே ஒரு தடவை நகத்தும்மா."

"மாட்டேன். அவர் வரணும்னுதான் நகத்தினேன். ஒயினுக்காக ஒரு நாளும் இல்ல. உன் தொட்டி, உன் வாய். நீயே கேளு."

மதியச் சாப்பாட்டில் கேட்டாள். கேட்டாள் என்பது மரியாதைக்குச் சொல்வது; ஒன்பது தேதிகளையும் மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு, "உங்க ரெண்டாயிரத்தேழும் வளர்பிறைதான்" என்று முடித்தாள். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செகோந்தோ ரொட்டியைப் பிய்த்துச் சாந்தை வழித்து வாயில் போட்டு, நிதானமாக மென்றார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"உன் பட்டமளிப்பு முடிஞ்சு ஆல்பாவிலிருந்து திரும்பி வரோம். காரோட முன்கண்ணாடி முழுக்க நிலா, இந்த சைஸுக்கு. தேய்பிறையில அடைச்சுட்டு வந்த ஆறாம் நாள் அவ்வளவு பெரிய நிலா எங்கேருந்து வரும்? எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? வந்து பழைய தேதியெல்லாம் யோசிச்சுப் பாத்தேன். எல்லாம் உங்கம்மா கைவேலை."

பினுச்சாவின் முகம் சிவந்தது. "பதினோரு வருஷமா வாயைத் திறக்கலியே, செகோந்தோ!"

"திறந்தா அடுத்த தடவை நீ நகத்த மாட்டியே" என்றார் அவர். "என் காலு தானா நகராது. அது எனக்குத் தெரியாதா?"

ஆனாலும் மார்த்சியாவின் புத்தி கேள்வியை விடவில்லை.

"அப்ப எனக்கு மட்டும் ஏன் முடியாதுன்னீங்க?"

"வட்டம் வெறுமையா இருக்கே. இந்தத் தடவை யாரும் நகத்தல. நானா எப்படி மீறுவேன்?"

அவர் எழுந்து சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றினார். பென்சிலுக்காகப் பினுச்சா கையை நீட்டினார். செகோந்தோ அந்தக் கையைத் தாண்டிப் போய், காலண்டரையும் பென்சிலையும் மகளின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தொட்டி அவளோடது" என்றார் மனைவியிடம்.

மார்த்சியா வியாழக்கிழமை வட்டத்துக்குள் கறுப்பு தீட்டினாள். அவசரத்தில் கறுப்பு ஓரத்தைத் தாண்டியது. செகோந்தோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து, வெகுநேரம் பார்த்தார்.

"தேய்பிறைதான்" என்றார். "தாரியோவை ஏழு மணிக்கே வரச் சொல்லு."